டிஸ்சார்ஜ் பில்லில் எதிர்பாராமல் ஏறிய தொகை: எதை, யாரிடம் கேட்பது?

நொய்யல்கரை

ஒற்றை முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. நெட்வொர்க் ஆஸ்பத்திரி, கேஷ்லெஸ். நாளைக் காலை டிஸ்சார்ஜ். பாலிசி 4 லட்சம், அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். எடுத்த அறை 8,000. இடைக்கால பில் இப்படி இருக்கிறது:

அறை 5 நாள் 40,000. ஜி.எஸ்.டி. 2,000. சர்ஜன் 70,000. மயக்க மருத்துவர் 21,000. தியேட்டர் 32,000. நர்சிங், டியூட்டி டாக்டர் சேர்த்து 12,000. மருந்து 52,000. இம்ப்ளான்ட் 60,000. பரிசோதனைகள் 14,000. 'இதர வகை' 6,500. மொத்தம் 3,09,500.

இன்சூரன்ஸ் ஒப்புதல் 1,51,500 தான் வரும் என்று ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்கில் சொல்கிறார்கள். மீதி 1,58,000 கையிலிருந்து. அட்மிஷனின்போது "நாற்பது, ஐம்பதாயிரம் கட்ட வேண்டி வரலாம்" என்றுதான் சொன்னார்கள். எங்கே ஆரம்பிப்பது?

---

பில்லிங்மேசை

இன்று மாலையே ஆரம்பியுங்கள் சார். நாளைக் காலை பில் 'குளோஸ்' ஆன பிறகு ஒரு வரியைத் திருத்தவும் மேலாளர் அனுமதி, இன்சூரன்ஸுக்கு மறுபடி மெயில் என்று இழுக்கும். இப்போதென்றால் வார்டிலேயே சரிசெய்துவிடுவார்கள்.

நீங்கள் போட்டிருப்பது சுருக்க பில். அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது. நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: தேதிவாரியான விரிவான பில், ஃபார்மசியின் பொருள்வாரி பில் (பேட்ச் எண், எம்.ஆர்.பி. இரண்டும் இருக்க வேண்டும்), மருந்து ரிட்டர்ன் பில், இன்சூரன்ஸ் நிறுவனம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதம். கடைசியாகச் சொன்னதைத்தான் நிறைய பேர் கேட்பதே இல்லை. எந்தத் தலைப்பில் எவ்வளவு வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். எந்தத் தலைப்பில் வெட்டினார்களோ, அதை வைத்துத்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

விரிவான பில்லில் வழக்கமாகத் தப்பு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

நாள் கணக்கு. சில இடங்களில் அட்மிட் ஆன நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடங்களில் மதியம் 12 முதல் மறுநாள் 12 வரை. எந்த முறை என்று கேட்டு, கையில் எண்ணிப் பாருங்கள். தியேட்டரிலிருந்து ஐ.சி.யு.வுக்குப் போய், மறுநாள் அறைக்கு வந்திருந்தால், அந்த நாளுக்கு ஐ.சி.யு. படுக்கையும் அறையும் சேர்ந்து ஏறியிருக்கும். உறவினர் தங்குவதற்காக நீங்கள் அறையைக் காலி செய்யாமல் வைத்திருந்தால் அது நியாயமான கட்டணம். அறையை ஒப்படைத்துவிட்டீர்கள் என்றால் நியாயமில்லை.

ஐ.சி.யு. கட்டணத்திலேயே மானிட்டர் அடங்குமா, தனியா என்று அவர்களுடைய கட்டண அட்டவணையில் பாருங்கள். அடங்கும் என்று போட்டுவிட்டு, பில்லில் மானிட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், சிரிஞ்ச் பம்ப் எல்லாம் தனித்தனியாக வந்திருக்கும். ஆக்சிஜன் மணிக்கணக்கில் போடுவார்கள். நர்சிங் சார்ட்டில் 'நிறுத்தப்பட்டது' என்று எழுதிய நேரத்துக்குப் பிறகும் சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் நிறுத்தியதை யாரும் கணினியில் பதியவில்லை.

டாக்டர் விசிட். ஒரு நாளைக்கு இரண்டு விசிட் என்று தானாக ஏறும்படி சிஸ்டம் வைத்திருப்பார்கள். கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவு) டாக்டரின் குறிப்பும் கையெழுத்தும் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் கட்டணம். ஞாயிற்றுக்கிழமையை முதலில் பாருங்கள்.

மருந்து ரிட்டர்ன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் தியேட்டருக்கென்று ஒரு பெரிய இன்டென்ட் (ஃபார்மசிக்கு அனுப்பும் கேட்புப் பட்டியல்) போகும். தையல் நூல், கேனுலா, ஊசி மருந்து என்று தேவைக்கு மேலேயே எடுப்பார்கள், அவசரத்துக்கு வேண்டும் என்பதால் அது தவறில்லை. மீந்ததை ரிட்டர்ன் போட்டால்தான் உங்கள் கணக்கிலிருந்து கழியும். "தியேட்டர் ரிட்டர்ன் போட்டாச்சா, அந்தப் பில்லைக் காட்டுங்க" என்று வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். ஐந்து நாள் அட்மிஷனில் ஒரு ரிட்டர்ன் கூட இல்லை என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

---

காவிரிக்கரையான்

'இதர வகை 6,500' என்று ஒரே வரியா? அதை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள் முதலில்.

---

கிளெயிம்குறிப்பேடு

நொய்யல்கரை சார், உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 6,500 பிறகு பார்க்கலாம்.

3,09,500-ல் இதர வகையைக் கழித்தால் 3,03,000. அதில் சரிபாதி 1,51,500. ஆக, நீங்கள் வரம்பைப்போல இரு மடங்கு வாடகை அறை எடுத்ததால் மொத்த பில்லையும் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்கியிருக்கிறார்கள். விகிதாசாரக் கழிவு என்று இதற்குப் பெயர். கழிவு உண்டு, ஆனால் இப்படிக் கிடையாது.

2020 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதிமுறைப்படி, விகிதாசாரக் கழிவு 'தொடர்புடைய மருத்துவச் செலவுகள்' மீது மட்டும்தான். மருந்து மற்றும் நுகர்பொருட்கள், இம்ப்ளான்ட் மற்றும் மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகிய மூன்று வகையையும் அந்த வரையறைக்குள் கொண்டுவரவே கூடாது. ஐ.சி.யு. கட்டணத்துக்கும் இந்தக் கழிவு கிடையாது. பாராசிட்டமால் ஊசி 8,000 ரூபாய் அறையிலும் பொது வார்டிலும் ஒரே விலைதான், அதைப் பாதியாக்க என்ன காரணம் இருக்கிறது?

உங்கள் பில்லில் மருந்து 52,000, இம்ப்ளான்ட் 60,000, பரிசோதனை 14,000. மொத்தம் 1,26,000. இதில் தவறாக வெட்டியது 63,000. அது திரும்பினால் உங்கள் பங்கு 1,58,000-லிருந்து 95,000 ஆகும். (மருந்து பில்லுக்குள் கையுறை மாதிரி பணம் தராத பொருட்கள் கொஞ்சம் இருக்கும், அது மட்டும் கழியும்.)

அடுத்தது இன்னும் முக்கியம். அறையின் வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலோ, மாறாத செலவினத்திலோ விகிதாசாரக் கழிவே போடக்கூடாது என்று அதே விதிமுறை சொல்கிறது. ஆஸ்பத்திரியின் கட்டண அட்டவணையை வாங்கிப் பாருங்கள். சர்ஜன் கட்டணம் பொது வார்டு நோயாளிக்கும் 70,000 தான் என்றால், அதில் வெட்டிய 35,000-மும் திரும்ப வர வேண்டும். டெஸ்கில் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும்: 'சர்ஜன் கட்டணம் அறை வகையைப் பொறுத்து மாறுவதில்லை.' அது கிடைத்தால் உங்கள் பங்கு 60,000.

வாடகையில் 20,000, அதன் ஜி.எஸ்.டி.யில் 1,000, தியேட்டர், மயக்க மருத்துவர், நர்சிங் இவற்றில் பாதி ஆகியவை உங்கள் பொறுப்புதான். பெரிய அறை எடுத்ததன் விலை அது. ஒன்றைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்: சிலவற்றில் 4,000 வரம்பு என்பது வாடகையும் நர்சிங்கும் சேர்த்து இருக்கும். அப்படியானால் விகிதம் கொஞ்சம் மாறும்.

---

நொய்யல்கரை

மிக்க நன்றி. டெஸ்கில் கேட்டேன், "டி.பி.ஏ. அனுப்பினதுதான் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறார்கள் (இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளெயிமைப் பார்க்கும் இடை நிறுவனம்தான் டி.பி.ஏ.). என்ன எழுதி அனுப்புவது?

---

கிளெயிம்குறிப்பேடு

அவர்கள் சொல்வது பாதி உண்மை. வெட்டியது அவர்கள் இல்லை, ஆனால் மறுபரிசீலனை கேட்டு அனுப்ப வேண்டியது அவர்கள்தான். டெஸ்க்காரரிடம் கோபப்பட்டால் வேலை நடக்காது. நீங்களே ஒரு மெயில் டி.பி.ஏ.வுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டு, அதன் நகலை அவர் கையில் கொடுத்து 'இதைச் சேர்த்து அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள்.

மெயிலில் இவ்வளவு போதும்:

"கிளெயிம் எண் இது, பாலிசி எண் இது. இன்று வந்த ஒப்புதல் கடிதத்தில் மருந்து 52,000, இம்ப்ளான்ட் 60,000, பரிசோதனை 14,000 ஆகிய தொகைகள் மீதும் 50 சதவீத விகிதாசாரக் கழிவு போடப்பட்டுள்ளது. இவை தொடர்புடைய மருத்துவச் செலவுகளில் சேராது. கழிவைத் திருத்தி, கூடுதலாக 63,000 ரூபாய்க்கு ஒப்புதல் வழங்கவும். மறுப்பதாக இருந்தால் எந்த பாலிசி விதியின் கீழ் என்று எண்ணுடன் தெரிவிக்கவும்."

ஆங்கிலத்தில் அனுப்புவது வேகமாக நகரும். கடைசி வரியை விடாதீர்கள். விதி எண்ணைக் கேட்டாலே கிளெயிமை ஒரு முறை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, மறுத்தாலும் பகுதியாக வெட்டினாலும் பாலிசியின் குறிப்பிட்ட விதியைச் சொல்லித்தான் காரணம் தர வேண்டும். 'நிறுவன விதிமுறைப்படி' என்று மொட்டையாக எழுதினால் செல்லாது.

---

மருந்துக்கட்டு

இம்ப்ளான்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 60,000 என்று ஒரே வரியில் போட்டிருந்தால் ஏற்காதீர்கள்.

2017 ஆகஸ்டில், மருந்து விலையை நிர்ணயிக்கும் மத்திய அரசு ஆணையமான என்.பி.பி.ஏ. முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியம் முழு செட் 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு சிர்க்கோனியம் 76,600. ஜி.எஸ்.டி. தனி. அதே ஆண்டு பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கும் வரம்பு வந்தது: வெறும் உலோக ஸ்டென்ட் 7,260, மருந்து பூசியது 29,600. ஸ்டென்ட் விலை அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது, 2017 எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். 'பார்மா சஹி தாம்' செயலியிலோ என்.பி.பி.ஏ. தளத்திலோ அன்றைய விலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எந்த உலோகம், எந்த பிராண்ட் என்று தெரியாமல் வரம்பை ஒப்பிட முடியாது. அதற்குத்தான் ஸ்டிக்கர். மூட்டு இம்ப்ளான்ட் நான்கு பெட்டியில் வரும்: தொடை எலும்புப் பகுதி, கீழ்க்கால் எலும்புத் தட்டு, நடுவில் வைக்கும் பாலிஎத்திலீன், முழங்கால் சில்லுப் பகுதி. சில்லை மாற்றாமல் விடும் சர்ஜன்களும் உண்டு, அப்போது மூன்றுதான். ஒவ்வொரு பெட்டியிலும் சின்ன ஒட்டுத்தாள்கள் இருக்கும். அவற்றைத் தியேட்டரில் கிழித்து கேஸ் ஷீட்டின் அறுவை சிகிச்சைக் குறிப்புப் பக்கத்தில் ஒட்டுவார்கள். ரெஃபரன்ஸ் எண், லாட் எண், அளவு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலையும் இம்ப்ளான்ட்டின் இன்வாய்ஸையும் கேளுங்கள். மூன்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நான்கு பாகத்துக்குப் பில் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எலும்பு சிமென்ட் தனி வரியாக வரும், அது நியாயம். எத்தனை பாக்கெட் என்பதைக் குறிப்போடு ஒத்துப் பாருங்கள்.

ஸ்டென்ட் என்றால் விலை, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விலை ஆணையிலேயே இருக்கிறது. ஆஞ்சியோ பேக்கேஜுக்குள் ஸ்டென்டை மறைத்துக் காட்டினால் அது விதிமீறல். வரம்புக்கு மேல் வாங்கினால் என்.பி.பி.ஏ.வுக்குப் புகார் கொடுக்கலாம், எண் 1800 111 255.

---

காவிரிக்கரையான்

மருந்துக்கட்டு, மருந்துகளையும் வெளியில் பாதி விலைக்கு வாங்கலாமே? அவர்கள் ஃபார்மசியில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது சட்டப்படி செல்லுமா?

---

மருந்துக்கட்டு

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில், மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. விரிவான பில் பெறும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நாடு முழுவதற்கும் உத்தரவு போடாமல், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே 'சட்டப்படி தடை' என்று அடித்துப் பேச முடியாது. உள்நோயாளிக்கு வெளி மருந்தை ஏற்க மறுக்கும் ஆஸ்பத்திரிகள்தான் அதிகம். குளிர் சங்கிலி, போலி மருந்து என்று காரணம் சொல்வார்கள், அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

விலை விஷயத்தில் நிஜமான சிக்கல் எம்.ஆர்.பி.யே தான். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ஆனால் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கென்று எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சடித்துக் கொடுத்தால், அந்த விலைக்கு விற்பது குற்றமாகாது. 2018-ல் டெல்லி வட்டாரத் தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை என்.பி.பி.ஏ. ஆராய்ந்தபோது, லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. அதில் பெரும் பகுதி எம்.ஆர்.பி.க்குள்ளேயே நடந்தது. இது மாற வேண்டும் என்றால் கொள்முதல் விலைக்கு மேல் லாப வரம்பு வைத்தால்தான் உண்டு. நோயாளி பில் கவுன்டரில் நின்று தீர்க்கக் கூடிய விஷயமில்லை இது.

உங்களால் முடிவது: டிஸ்சார்ஜ் மருந்துச் சீட்டை அங்கே வாங்காமல் வெளியே எடுத்து வருவது. ஒரு மாதத்துக்கான மருந்தை ஆஸ்பத்திரி ஃபார்மசியில் அப்படியே கட்டிக் கொடுத்துப் பில்லில் சேர்த்துவிடுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜன் ஔஷதியிலும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் நல்ல விலை வித்தியாசத்தில் கிடைக்கும். ரசீதை வைத்திருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாகப் பாலிசியிலும் கேட்கலாம்.

---

பில்லிங்மேசை

'இதர வகை' பற்றி காவிரிக்கரையான் கேட்டது சரியான கேள்விதான். இன்சூரன்ஸ் பணம் தராத பொருட்களை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நான்கு பட்டியலாகப் பிரித்திருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருட்கள்: கையுறை, மாஸ்க், நெபுலைசர் கிட், பெல்ட், நீ பிரேஸ், வாக்கர், உறவினர் சாப்பாடு, மருத்துவ ஆவண நகல் இப்படி. இவை நம் கைக்காசு, கன்ஸ்யூமபிள் ரைடர் (இந்தப் பொருட்களுக்கும் பணம் தரும் கூடுதல் பாலிசி இணைப்பு) எடுத்திருந்தால் தவிர.

மற்ற மூன்று பட்டியல்தான் கவனிக்க வேண்டியவை. இரண்டாவது பட்டியல் அறை வாடகைக்குள் அடங்க வேண்டியவை: ஹவுஸ்கீப்பிங், ஏ.சி. கட்டணம், ஃபைல் திறப்பது, டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், பார்வையாளர் பாஸ், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, பல்ஸ் ஆக்சிமீட்டர். மூன்றாவது அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள்: பஞ்சு, காஸ், பிளேடு, சர்ஜிக்கல் டிரில், டூர்னிகெட். நான்காவது சிகிச்சைச் செலவுக்குள்: பதிவுக் கட்டணம், இன்ஃப்யூஷன் பம்ப், யூரின் பேக், ஸ்பிரிட். இவற்றைத் தனி வரியாகப் போட்டு, இன்சூரன்ஸ் வெட்டியதும் நோயாளி தலையில் கட்டுவது பரவலான வழக்கம். நெட்வொர்க் ஆஸ்பத்திரியாக இருந்தால், "இது அறை வாடகையில் அடங்கியது, தனியாக வாங்க உங்கள் ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள்.

'ஆர்த்தோ கிட்', 'ரெக்கவரி கிட்' என்று உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் போட்டால் அதுவும் முதல் பட்டியல். முழுத் தொகையும் போய்விடும். கிட்டைப் பிரித்துப் பொருள்வாரியாக எழுதிக் கொடுத்தால் அதில் பாதிக்கு மேல் ஒப்புதல் கிடைக்கும். ஃபார்மசியில் பத்து நிமிட வேலை.

ஒப்புதல் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கும்: 'ஆஸ்பத்திரி தள்ளுபடி' அல்லது 'ஒப்பந்தக் கட்டணத்துக்கு மேற்பட்டது'. இந்தத் தொகையை நோயாளியிடம் வாங்கவே கூடாது. ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸும் பேசி வைத்த விலைக்கு மேல் போட்டதால் கழிந்த பணம் அது. பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஆஸ்பத்திரிகளுடன் பேசி வைத்த பி.பி.என். பேக்கேஜிலும் இதே கதைதான். மொத்த பில்லில் ஒப்புதல் தொகையைக் கழித்து 'பாக்கி இவ்வளவு' என்று சொன்னால், அந்த வரியும் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

---

தென்பொருநை

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? தப்பான பில் என்றால் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே. நோயாளியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது.

---

கிளெயிம்குறிப்பேடு

பிடித்து வைக்க அதிகாரம் கிடையாது என்பது சரி. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ தடுத்து வைக்கக் கூடாது என்பது உரிமைப் பட்டயத்திலும் இருக்கிறது. தடுத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 127-ன் கீழ் சட்டவிரோத அடைப்பு. 112-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

ஆனால் கட்டாமல் கிளம்பும் யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கேஸ் ஷீட்டில் 'மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறினார்' என்று எழுதிவிட்டால் கிளெயிமும் சிக்கும், தையல் பிரிக்கப் போகும்போதும் சங்கடம். பாக்கிக்காக அவர்கள் சிவில் வழக்கும் போடலாம்.

கட்டிவிட்டு, கட்டியதை ஆட்சேபத்தோடு பதிவு செய்வதுதான் பலன் தரும். பில்லின் இரு பிரதியிலும் கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்: 'இந்தப் பில்லில் இன்னின்ன வரிகளை ஏற்கவில்லை. ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்.' தேதி, நேரம் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அதையே ஆஸ்பத்திரியின் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். யு.பி.ஐ. அல்லது கார்டில் கட்டுங்கள். 'எல்லாம் சரிபார்த்து முழு மனதுடன் ஏற்கிறேன்' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள், அந்த வரியை அடித்துவிட்டுப் போடுங்கள்.

கேஸ் ஷீட் நகலையும் அன்றே எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. நகல் எடுக்கும் செலவு உங்களுடையது.

---

தென்பொருநை

ஏற்கிறேன். ஆட்சேபத்தோடு கட்டுவது நல்ல வழி.

---

வைகைத்தடம்

இந்த இழையை முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும் படிப்பார்கள், அதனால் இது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒப்புதல் கிடைத்த சிகிச்சையின் பேக்கேஜுக்கு மேல் 'வித்தியாசத் தொகை', 'நல்ல இம்ப்ளான்ட்டுக்கு மட்டும் தனியா' என்று வாங்க ஆஸ்பத்திரிக்கு உரிமையில்லை. ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரியிலும் திட்டத்துக்கென்று ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டு, அங்கே நின்றபடியே 1800 425 3993-க்கு அழையுங்கள். பணம் கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அந்த மறுப்பையே புகாரில் முதல் வரியாக எழுதுங்கள்.

அரசு ஊழியர், ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களிடம் கூடுதல் வாங்கினால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு இருக்கிறது. கருவூலம் வழியாகத்தான் எல்லாம் என்று நினைத்துக் காலத்தைக் கடத்துகிறார்கள்.

சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லை, காப்பீட்டு அட்டையோ தமிழ்நாட்டு முகவரியோ தேவையில்லை. பதற்றத்தில் டெபாசிட் கட்டிவிட்டால் பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம். வாசலிலேயே திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

---

நொய்யல்கரை

மெயில் அனுப்பியாயிற்று. ஒருவேளை மறுத்தால் அடுத்து எங்கே போவது?

---

கிளெயிம்குறிப்பேடு

இரண்டு பாதை, இரண்டையும் குழப்பாதீர்கள்.

இன்சூரன்ஸ் வெட்டியது தவறு என்றால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவில் போட்டாலும் அவர்களுக்கே போகும், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பார்வையிலும் இருக்கும். 155255-இல் அழைத்தும் பதியலாம். மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓர் ஆண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர் நடுவர்) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே மனு போடலாம். 50 லட்சம் வரை பார்க்கலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். விகிதாசாரக் கழிவு மாதிரி விதி தெளிவாக இருக்கும் விஷயத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கியது என்றால் ஆம்பட்ஸ்மேன் எடுக்கவே மாட்டார். கேஷ்லெஸ் ஒப்பந்தத்தை மீறியிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவுக்கு எழுதுங்கள், பட்டியலிலிருந்து நீக்குவார்கள் என்ற கவலையில் ஆஸ்பத்திரி இறங்கி வரும். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 1915-இல் அழைத்தால் வழக்குக்கு முன் சமரசம் முயல்வார்கள். வழக்கு என்றால் இ-ஜாக்ரிதி தளம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக் கெடு. உரிமம் தொடர்பான புகாருக்கு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் அவர் ஆஸ்பத்திரியை ஆய்வு செய்யலாம். பணம் திரும்பக் கிடைக்க அவரை நம்பி இருக்காதீர்கள், அதற்கு ஆணையம்தான்.

---

காவிரிக்கரையான்

ஜி.எஸ்.டி. 2,000 சரியா? மருத்துவத்துக்கு வரி இல்லை என்பார்களே.

---

பில்லிங்மேசை

சரிதான். 2022 ஜூலை 18 முதல், நாள் வாடகை 5,000-க்கு மேல் இருக்கும் அறைக்கு 5 சதவீதம். 5,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் என்று நினைப்பார்கள், முழு வாடகைக்கும் உண்டு. 8,000-க்கு 400, ஐந்து நாளுக்கு 2,000. ஐ.சி.யு.வுக்குக் கிடையாது. வாடகை அல்லாத வேறு செலவினத்தில், அதாவது சர்ஜன் கட்டணத்திலோ நர்சிங்கிலோ ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் அதுதான் தப்பு.

---

நொய்யல்கரை

கடைசியாக ஒன்று. ஒப்புதல் வரத் தாமதமானால் இன்னொரு நாள் வாடகை ஏறும் என்கிறார்கள். அதுவும் என் தலையிலா?

---

கிளெயிம்குறிப்பேடு

ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாண்டினால், அதனால் ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கும் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும், 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி அனுப்பிய நேரத்திலிருந்துதான் ஓடும். டாக்டர் காலை எட்டரைக்கு 'போகலாம்' என்று சொல்லியிருப்பார், சம்மரி டைப் ஆகி, பில் குளோஸ் ஆகி, மெயில் போகும்போது மதியம் ஒன்றரை ஆகியிருக்கும். அந்தத் தாமதம் ஆஸ்பத்திரியுடையது.

அதனால் கோரிக்கை போன மெயிலின் நேரத்தைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டி.பி.ஏ.விடமிருந்து விளக்கம் கேட்டுக் குவெரி வந்தால், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் பதில் போனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அட்மிஷனுக்குக் கட்டிய டெபாசிட்டின் அசல் ரசீதைக் கவுன்டரில் கொடுப்பதற்கு முன் அதையும் ஒரு போட்டோ. கழித்தது போக மீதி எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும் என்று பில்லின் பின்பக்கம் எழுதி, சீல் போட்டு வாங்குங்கள்.